இதயத்தின் வயதும் மனிதனின் பொறுப்பும்

மனிதனுக்கு ஒரே ஒரு வயதுதான் உண்டு என்று பொதுவாக எண்ணப்படுகிறது. நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் கிடைக்கும் எண் அது. அந்த எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ எவராலும் இயலாது. செல்வரும் வறியவரும், கற்றவரும் கல்லாதவரும் ஆண்டுக்கு ஒரு வயது என்ற ஒரே வேகத்தில்தான் முதுமையை நோக்கிச் செல்கின்றனர். காலம் எவரிடமும் பாரபட்சம் காட்டுவதில்லை.

ஆனால் மருத்துவ அறிவியல் இன்று வேறொரு வயதைப் பற்றியும் பேசுகிறது. அது இதயத்தின் வயது. பிறந்த தேதி மட்டுமே அதை முடிவு செய்வதில்லை. உண்ணும் உணவு, உறங்கும் நேரம், உடலின் அசைவு, புகைப்பழக்கம், மனத்தின் சுமை ஆகிய யாவும் சேர்ந்து அதை நிர்ணயிக்கின்றன. நாற்பத்தைந்து வயது மனிதரின் மார்புக்குள் அறுபது வயது இதயம் துடித்துக்கொண்டிருக்கலாம். அறுபது வயதுப் பெரியவர் ஒருவருக்கு ஐம்பது வயது இதயம் வாய்த்திருக்கலாம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஆண்டுகளைக் கூட்டுவது காலம். இதயத்தின் வயதைக் கூட்டுவது யார்? அந்த மனிதரேயா, அவருடைய விதியா, அல்லது அவரை அவ்வாறு வாழவைத்த சூழ்நிலையா? மேலோட்டமாகப் பார்த்தால் இது மருத்துவக் கேள்வியாகத் தோன்றும். சற்று ஆழ்ந்து சிந்தித்தால், அறவியலின் பழம்பெரும் கேள்விகளுள் ஒன்றே புதிய கோலத்தில் வந்து நிற்பது புலப்படும்.

ஓர் எண் பிறந்த விதம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்றொரு நகரம் உள்ளது. 1948-ஆம் ஆண்டு அந்நகர மக்களுள் 5,209 ஆண்களும் பெண்களும் ஒரு நீண்ட ஆய்வில் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, பழக்கவழக்கங்கள் ஆகியவை குறிப்பிட்ட இடைவெளிகளில் பதிவு செய்யப்பட்டன. பின்னர் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆய்வில் சேர்ந்தனர். மாரடைப்பு முதுமையில் தவிர்க்க முடியாமல் வரும் ஒன்று என்ற எண்ணம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. அந்த எண்ணத்தை மாற்றியதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அதற்கான காரணங்கள் வாழ்வில் இடம்பிடித்துவிடுகின்றன என்பதை அது காட்டியது.

2008-ஆம் ஆண்டு இதே ஆய்வாளர்கள் தங்கள் கணக்கை எளிய மக்களுக்கும் விளங்கும்படி ஒரு வடிவில் வெளியிட்டனர். ஒருவருக்கு அடுத்த பத்து ஆண்டுகளில் இதயநோயோ ரத்தக் குழாய் நோயோ வரும் வாய்ப்பு எவ்வளவு என்று முதலில் கணக்கிடப்படும். ரத்த அழுத்தம், கொழுப்பு முதலியவை சீராக உள்ள, புகைக்காத, நீரிழிவு இல்லாத ஒருவருக்கு அதே அளவு வாய்ப்பு எந்த வயதில் ஏற்படுமோ, அதுவே இவருடைய இதயத்தின் வயது. 2015-இல் அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் இம்முறையில் கணக்கிட்டபோது, அந்நாட்டு ஆண்களின் இதயம் சராசரியாக அவர்களது உண்மை வயதைவிட எட்டு ஆண்டுகளும், பெண்களின் இதயம் ஐந்து ஆண்டுகளும் மூப்படைந்திருந்தது தெரியவந்தது.

இந்த எண்ணை மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை. இது ஒரு மதிப்பீடு, சோதிடம் அன்று. அதன் அடிப்படையாக அமைந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். ஆகவே இந்தியர்களுக்கு அதை அப்படியே பொருத்துவதில் குறைபாடுகள் உண்டு. இந்தியர்களின் நிலையை அறிய வேறொரு ஆய்வு உதவுகிறது. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் மருத்துவ அறிஞர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த அந்த ஆய்வின் முடிவுகள் 2004-இல் வெளிவந்தன. முதல் மாரடைப்புக்கான வாய்ப்பில் பத்தில் ஒன்பது பங்கை, அளந்தறியக்கூடிய ஒன்பது காரணிகளே விளக்கிவிடுகின்றன என்று அது கண்டது. புகையிலை, ரத்தக் கொழுப்பு, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, தொப்பை, மன அழுத்தம், காய்கனிகளை உண்ணாமை, உடலசைவின்மை ஆகியவை அவற்றுள் அடங்கும். தெற்காசியர்களைப் பற்றிய தனிச்செய்தி 2007-இல் வெளியாயிற்று. மற்ற நாடுகளில் முதல் மாரடைப்பின் நடுவயது ஏறத்தாழ 59, தெற்காசியாவில் 53. அதாவது ஒரு குடும்பத்தில் பிள்ளைகள் படிப்பை முடிக்காத, மகளுக்கு மணமாகாத, கடன் அடையாத வயது.

பழக்கம் இதயத்துக்குள் நுழையும் வழி

இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் என்ற கணக்கில் ஏழாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தத்தை அது ஒவ்வொரு நாளும் உடலெங்கும் செலுத்துகிறது. அதற்கு விடுமுறை இல்லை. ரத்தம் பாயும் குழாய்களின் உட்புறத்தில் மிக மெல்லிய படலம் ஒன்று அமைந்துள்ளது. குழாயை நெகிழ்வாக வைத்திருப்பதும், தேவைக்கேற்ப விரியச் செய்வதும் அதன் பணி. புகை அந்தப் படலத்தைப் புண்படுத்துகிறது. மிகுதியான உப்பு ரத்த அழுத்தத்தை உயர்த்தி அதை ஓயாமல் தாக்குகிறது. உறக்கக் குறைவு, இரவில் இயல்பாகத் தாழ வேண்டிய அழுத்தத்தைத் தாழவிடாமல் தடுக்கிறது. புண்பட்ட இடத்தில் கொழுப்பு படிகிறது. நெகிழ்வாக இருந்த குழாய் விறைக்கிறது. இந்த விறைப்பைத்தான் மூப்பு என்கிறோம்.

இவற்றுள் எதுவும் ஒரு நாளில் நிகழ்வதில்லை என்பதே கவனிக்கத்தக்கது. ஒரு பீடி ஒருவரையும் கொல்வதில்லை. ஒரு வேளை உப்பு மிகுந்த உணவு எவரையும் நோயாளியாக்குவதில்லை. பத்தாயிரம் பீடிகளும் பத்தாயிரம் வேளைகளுமே அதைச் செய்கின்றன. ஆயினும் அந்தப் பத்தாயிரத்தில் ஒவ்வொன்றும் வந்த வேளையில் 'இந்த ஒன்றுதானே' என்றே வந்தது.

மனத்தில் குணம் உருவாவதும் இவ்வாறே. பொய்யன் ஒரு பொய்யால் உருவாவதில்லை. பொறுமையாளன் ஒரு நாள் பொறுமையால் உருவாவதில்லை. மீண்டும் மீண்டும் செய்யும் செயல் மனத்தில் தடம் பதிக்கிறது. அந்தத் தடத்தின் வழியே அடுத்த செயல் எளிதாக ஓடுகிறது. இதனையே இந்தியத் தத்துவ மரபு சம்ஸ்காரம் என்கிறது. குணம் மனத்தில் படிந்த பழக்கம் என்றால், ரத்தக் குழாயின் விறைப்பு உடலில் படிந்த பழக்கம். இரண்டும் ஒரே முறையில் எழுதப்படுகின்றன. இரண்டும் எழுதப்படும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை.

மாரிகுப்பத்தின் காலை

ஆனால் அந்த ஏட்டில் எழுதும் கை எப்போதும் அந்த மனிதருடைய கை மட்டும்தானா? இதற்கு விடை காண ஏட்டறிவு மட்டும் போதாது; மனிதர் வாழும் ஓர் ஊரைப் பார்க்க வேண்டும்.

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் ரயில் பாதை முடிவடையும் இடம் மாரிகுப்பம். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம் போன்ற பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினர். பங்காருப்பேட்டையிலிருந்து இங்கு வரும் கிளைப்பாதை 1894-இல் திறக்கப்பட்டது. 1902-இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கியது. அங்குப் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைக் கடந்தது. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கம் எடுக்கப்பட்டது. எடுத்தவர்களின் நுரையீரலில் பாறைத்தூள் தங்கிற்று. 1940-களில் நடந்த ஆய்வு ஒன்றில், பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் இருந்தது கண்டறியப்பட்டது. நோயுற்ற நுரையீரலுக்குள் ரத்தத்தைத் தள்ளுவதற்கு இதயத்தின் வலப்பக்கம் மிகையாக உழைக்க வேண்டும். நாளடைவில் அதுவும் தளர்ந்துவிடும். அந்த முதுமைக்கு எந்தப் பிறந்த தேதியும் காரணமன்று.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. வேலையோடு, தொழிலாளர் குடும்பங்களுக்குத் துணையாக இருந்த சுரங்க மருத்துவமனையின் சேவையும் போயிற்று. ஆனால் ரயில் பாதை எஞ்சியது. அடுத்த தலைமுறை அந்தப் பாதையைப் பற்றிக்கொண்டது. இன்று மாரிகுப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களிலிருந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குச் சென்று திரும்புகின்றனர். கட்டிடத் தொழிலாளர், காவலாளி, கடை ஊழியர், தையல் ஆலைப் பெண்கள், துப்புரவுப் பணியாளர், அலுவலகப் பணியாளர் எனப் பலரும் அவர்களுள் உள்ளனர்.

அவர்களுள் ஒருவரது நாள் எவ்வாறு அமையும் என்று எண்ணிப் பார்க்கலாம். ரயில் விடியுமுன் புறப்படும். ஆகவே அவர் அதற்கும் முன்னர் எழ வேண்டும். மதிய உணவு கட்டித் தரும் மனைவியோ தாயோ அவருக்கும் முன்னர் எழ வேண்டும். போக இரண்டு மணி நேரத்துக்கும் மேல், வர அவ்வளவு நேரம். இடையில் எட்டு அல்லது பத்து மணி நேர வேலை. வீடு திரும்பும்போது இரவு ஆகிவிடும். உண்டு படுத்தால் ஐந்து மணி நேர உறக்கம் கிடைப்பதே அரிது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் கருத்து. அமெரிக்க இதயச் சங்கம் 2022-இல் இதயநலத்துக்கான இன்றியமையாதவற்றின் பட்டியலில் உறக்கத்தையும் புதிதாகச் சேர்த்தது. அந்தப் பட்டியலை மாரிகுப்பம் ரயில் பயணியிடம் கொடுத்தால் அவர் என்ன விடை கூறுவார்? "ரயிலை யார் தாமதப்படுத்துவது?" என்றுதான் கேட்பார்.

இரண்டு எளிய விடைகள்

இத்தகைய ஒருவருக்கு ஐம்பது வயதில் மாரடைப்பு வந்தால் யாரைப் பொறுப்பாக்குவது? இதற்கு இரண்டு எளிய விடைகள் உடனே கிடைக்கும்.

முதல் விடை: அவரே பொறுப்பு. புகைத்தவர் அவர், சம்பள நாளில் குடித்தவர் அவர், மருத்துவர் சொன்ன மாத்திரையை இடையில் நிறுத்தியவர் அவர். இந்த விடைக்குப் பின்னால் பெரிய சிந்தனையாளர் ஒருவர் நிற்கிறார். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தமது அறவியல் நூலில் இதைப் போன்றதோர் எடுத்துக்காட்டையே ஆராய்கிறார். மருத்துவரின் சொல்லை மீறி மனம்போன போக்கில் வாழ்ந்து நோயுற்றவன் தன் விருப்பத்தாலேயே நோயாளியானான் என்பது அவரது கருத்து. தொடக்கத்தில் நோயுறாமல் இருப்பது அவன் கையில் இருந்தது, இப்போது இல்லை. கையை விட்டு எறிந்த கல்லைத் திரும்ப அழைக்க முடியாதது போன்றது அது என்கிறார்.

இரண்டாவது விடை: சூழ்நிலையே பொறுப்பு. இதற்கும் வலுவான சான்றுகள் உள்ளன. லண்டன் நகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் பணியாற்றியவர்களை ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1953-இல் முடிவுகளை வெளியிட்டார். நாள் முழுவதும் படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு இதயநோய் மிகுதியாக இருந்தது. அதே லண்டனில் 1967-இல் அரசு ஊழியர்களிடம் தொடங்கிய மற்றோர் ஆய்வு, கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறக்கும் வாய்ப்பு உயர் அதிகாரிகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி விளக்கப்படாமலே நின்றது. தன் நேரத்தின் மீது தனக்கு உரிமையில்லாத நிலை, செய்யும் வேலையில் தன் சொல்லுக்கு இடமில்லாத நிலை ஆகியவையும் இதயத்தைத் தேய்க்கின்றன என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது.

உடலுழைப்பு மிகுந்த தொழிலாளிக்கு இதயநோய் வராது என்ற பொதுவான நம்பிக்கையும் முழு உண்மையன்று. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2021-இல் வெளிவந்த ஆய்வு, ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடற்பயிற்சி இதயத்தைக் காப்பதையும், வேலையில் ஓய்வின்றிச் சுமக்கும் கடும் உழைப்பு அவ்வாறு காப்பதில்லை என்பதையும், மாறாக ஆபத்து கூடுவதோடு அது தொடர்புற்றிருப்பதையும் காட்டியது. தான் விரும்பியபோது நிறுத்தி இளைப்பாற முடியாத உழைப்பு உடலுக்குப் பயிற்சி ஆவதில்லை. அது உடலின் தேய்மானமே.

ஆக, இரு விடைகளும் சான்றுகளோடுதான் வருகின்றன. எனினும் இரண்டும் குறையுடையன. முதல் விடையை முழுமையாக ஏற்றால், நோயுற்றவனிடம் இரக்கம் வற்றிவிடுகிறது. வலியில் கிடப்பவனுக்குக் குற்றச்சாட்டே மருந்தாகக் கிடைக்கிறது. இரண்டாவது விடையை முழுமையாக ஏற்றால், அந்த மனிதர் வெறும் பொருளாகிவிடுகிறார். சூழ்நிலை தள்ளிய திசையில் உருளும் கல்லுக்கும் அவருக்கும் வேறுபாடு இல்லாமற் போகிறது. இரக்கத்தால் சொல்லப்பட்டாலும் இதுவும் ஓர் அவமதிப்பே.

மாரிஸின் ஆய்வுக்கே ஒரு தொடர்ச்சி உண்டு. 1956-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் அதே பேருந்துப் பணியாளர்களின் சீருடை அளவுகளை ஆராய்ந்தனர். ஓட்டுநர்களின் இடுப்பளவு இளம் வயதினரிடையேகூட நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. இருக்கை மட்டுமே அவர்களை அவ்வாறு ஆக்கிற்றா, அல்லது அத்தகைய உடல்வாகு உடையவர்கள் அந்த இருக்கையைத் தேடி வந்தனரா? மனிதனும் அவனது சூழ்நிலையும் ஒன்றையொன்று உருவாக்கிக்கொண்டே செல்வதால், 'இதுவரை இவன், இதற்குமேல் அது' என்று கோடு கிழிப்பது எளிதன்று.

எறிந்த கல் திரும்புமா?

இந்தச் சிக்கலை இந்திய மரபு நெடுங்காலமாக அறிந்திருந்தது. திருவள்ளுவர் ஒரே நூலில் ஊழுக்கு ஓர் அதிகாரமும், ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். ஒன்றுக்காக மற்றொன்றை நீக்கவில்லை. யோக வாசிஷ்டம், முன்னர்ச் செய்த முயற்சியையும் இன்று செய்யும் முயற்சியையும் முட்டி மோதும் இரு ஆட்டுக்கடாக்களுக்கு ஒப்பிடுகிறது. வலியது வெல்லும். விதி என்று சொல்லப்படுவது நேற்றைய முயற்சியின் வலிமை. இன்றைய முயற்சிக்கும் அதே இனத்து வலிமை உண்டு. ஆகவே போட்டி ஒருதலையானதன்று.

இதயத்தைப் பொறுத்தவரை இந்தக் கருத்துக்கு உடலியலே சாட்சி கூறுகிறது. அரிஸ்டாட்டில் சொன்ன கல் எறிந்தபின் திரும்புவதில்லை. ஆனால் இதயத்தின் வயது ஓரளவு திரும்புகிறது. புகைப்பதை நிறுத்திய ஓராண்டுக்குள், புகையால் கூடியிருந்த இதயநோய் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. உப்பைக் குறைத்தால் சில வாரங்களிலேயே ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்குகிறது. நாள்தோறும் நடப்பவரின் ரத்தக் குழாய்கள் இழந்த நெகிழ்ச்சியில் ஒரு பகுதியை மீண்டும் பெறுகின்றன. இழந்த அனைத்தும் மீளாது. இறந்துபோன இதயத்தசை மீண்டும் உயிர்க்காது. எனினும் நிறையவே மீள்கிறது. பிறந்த தேதியால் வந்த வயதுக்கு இல்லாத இந்த இரக்கம், பழக்கத்தால் வந்த வயதுக்கு உண்டு.

பொறுப்பு என்ற சொல்லின் பொருளும் இங்கே தெளிவாகிறது. பொறுப்பு என்றவுடன் 'இதை யார் கெடுத்தார்?' என்று பின்னோக்கிப் பார்ப்பதே வழக்கம். அது நீதிமன்றத்தின் பார்வை. 'இனி இதைச் செய்யவேண்டியவர் யார்?' என்று முன்னோக்கிப் பார்ப்பது அறத்தின் பார்வை. ஒருவருடைய இதயம் மூப்படைந்ததில் அவருடைய பங்கு நாலணாவாக இருக்கலாம். பன்னிரண்டணா உலகத்தின் பங்காக இருக்கலாம். ஆயினும் அந்த நாலணாவை அவரைத் தவிர வேறு எவராலும் செலுத்த முடியாது. அதுபோலவே, உலகத்தின் பன்னிரண்டணாவை அவர் தலையில் ஏற்றுவதும் நியாயமாகாது.

அச்சம் இந்தப் பணியில் நெடுநாள் துணை வருவதில்லை. 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் தம் 46-ஆம் வயதில் மாரடைப்பால் மறைந்தபோது, பெங்களூரின் இதய மருத்துவமனைகளில் பரிசோதனைக்காக இளைஞர்கள் திரளாகக் கூடினர். சில வாரங்களில் கூட்டம் குறைந்தது. அச்சம் ஒருவரை மருத்துவமனை வாயில்வரை கொண்டுசெல்லும். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் மாலையில் நடக்கவைக்காது. அதற்கு வேறொரு நோக்கு வேண்டும். இந்த உடல் தனக்கு மட்டும் சொந்தமான உடைமை என்று எண்ணுபவர், 'என் உடல், என் விருப்பம்' என்பார். தன்னை நம்பி நாலு பேர் வாழ்கின்றனர், தான் செய்யவேண்டிய நற்செயல்கள் எஞ்சியுள்ளன, அவற்றுக்காகத் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட கருவி இது என்று எண்ணுபவர் அதை வேறு விதமாகக் கையாளுவார். இரவல் வாங்கிய பொருளைத் தன் பொருளைவிடக் கவனமாகக் காப்பதுதானே நல்லோர் இயல்பு!

தன் பங்கு

மாரிகுப்பம் ரயிலில் செல்பவருக்குத் தன் பங்காக எஞ்சுவது எது? உடற்பயிற்சிக் கூடமும் காலை ஓட்டமும் அவருக்குரியன அல்ல. அவர் கைக்கு எட்டுபவை சிறியவை, ஆனால் மெய்யானவை.

பீடியும் புகையிலையும் முதலாவது. இவற்றை விடுவதற்கு நேரமோ பணமோ தேவையில்லை. இரண்டும் மிஞ்சவே செய்யும். மெல்லும் புகையிலையும் பீடியும் சிகரெட்டைப் போலவே இதயத்துக்குக் கேடு என்று 52 நாடுகளின் ஆய்வு தெளிவாக்கியுள்ளது. அடுத்தது உப்பு. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு சிறு கரண்டி அளவுக்குள் உப்பு அடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கட்டுச்சோற்றுக்கு ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் மட்டுமே துணையானால் அந்த அளவு ஒரே வேளையில் தாண்டிவிடும். அவற்றின் இடத்தில் ஒரு கீரையோ காயோ வந்தாலே போதும். மூன்றாவது நடை. வாரத்துக்கு 150 நிமிடங்கள் என்று சொல்லப்படும் அளவு, வேலை நாளுக்கு இருபத்தைந்து நிமிடங்களே ஆகிறது. ரயிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் நடைமேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பதும், நிலையத்திலிருந்து பணியிடத்துக்கான தொலைவில் ஒரு பகுதியைக் கால்நடையாகக் கடப்பதும் அதில் சேரும். நான்காவது, ஆண்டுக்கு ஓரிரு முறையாவது ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்வது. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. 'எனக்கு ஒன்றும் இல்லை' என்ற உணர்வு அதற்குச் சான்றாகாது. மாத்திரை கொடுக்கப்பட்டால் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக்கூடாது.

கடைசியாக, மார்பில் அழுத்தமும், அதோடு வியர்வையோ மூச்சுத்திணறலோ கை, தாடைக்குப் பரவும் வலியோ தோன்றினால் 'வாயுப் பிடிப்பு' என்று சோடா குடித்துக் காத்திருக்கக்கூடாது. அந்த வேளையில் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசையின் ஒரு பகுதியாகும்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருந்தின் பெயர் ஒன்றையும் கூறாமல் பெரும்பகுதியை உணவின் அளவுக்கே ஒதுக்கினார். கீதையின் ஆறாம் அத்தியாயம் உணவு, நடமாட்டம், உறக்கம், விழிப்பு ஆகியவற்றின் அளவையே யோகத்துக்கு அடிப்படையாக வைக்கிறது. உயர்ந்த வாழ்வைப் பற்றிப் பேசும் நூல்கள் சோற்றையும் தூக்கத்தையும் பற்றிப் பேசுவதை இழிவாகக் கருதவில்லை.

பிறர் பங்கு

மீதிப் பங்கு மற்றவர்களுடையது. பிறருடைய நேரத்தை அமைக்கும் அதிகாரம் பெற்றவர் பிறருடைய இதயத்தையும் ஓரளவு கையில் வைத்திருக்கிறார். பணி நேரத்தை அரை மணி மாற்றி அமைக்கும் முதலாளி, தொழிலாளி ஒருவருக்கு அரை மணி உறக்கத்தைத் தருகிறார். இது தானம் அன்று. தான் அறிந்தோ அறியாமலோ எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தருவதே. ரயில் குறித்த நேரத்தில் ஓடுவதும், உட்கார இடம் கிடைப்பதும் போக்குவரத்துச் செய்திகளாக மட்டும் தோன்றலாம். அவை இதயநலச் செய்திகளும் ஆகும். அரசும் தன் பங்கில் சிலவற்றைச் செய்துள்ளது. மறைந்த நடிகரின் பெயரில் 2023-இல் கர்நாடக அரசு தொடங்கிய 'ஹிருதய ஜோதி' திட்டத்தின்படி, வட்ட மருத்துவமனையில் எடுக்கும் இதய மின்வரைபடம் பெரிய இதய மருத்துவ நிலைய வல்லுநர்களுக்கு உடனே அனுப்பப்படுகிறது. ரத்த உறைவைக் கரைக்கும் விலையுயர்ந்த ஊசி இலவசமாகப் போடப்படுகிறது. வறியவரின் இதயத்துக்கும் அதே நிமிடங்கள்தாம் உள்ளன என்பதை ஒப்புக்கொண்ட செயல் இது.

வீட்டாருக்கும் பங்கு உண்டு. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் பெண்ணின் உறக்கக் கணக்கை எவரும் எழுதுவதில்லை. கணவரின் மாத்திரையை நினைவூட்டும் அவர், தன் ரத்த அழுத்தத்தை எப்போது பார்த்துக்கொண்டார் என்று கேட்பவரும் அரிது. காய் நறுக்குவதையும் கட்டுச்சோறு கட்டுவதையும் முந்தைய இரவே பகிர்ந்துகொள்ளும் வீட்டில் இரண்டு இதயங்கள் இளமை பெறுகின்றன.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. நோயுற்றவரைக் கண்டதும் 'பழக்கம் சரியில்லை' என்று தீர்ப்பு எழுதும் அவசரத்தை அவர் அடக்க வேண்டும். தன் வாழ்வைப் பார்க்கும்போது பொறுப்பைக் கூட்டிப் பார்ப்பதும், பிறர் வாழ்வைப் பார்க்கும்போது சூழ்நிலையைக் கூட்டிப் பார்ப்பதும் அறவோர் முறை. உலகத்தில் பெரும்பாலும் இது தலைகீழாகவே நடக்கிறது. தன் தவறுக்குச் சூழ்நிலையைக் காட்டும் மனிதன், பிறர் தவறுக்கு அவரது குணத்தைக் காட்டுகிறான்.

உறங்கும்போதும் இதயம் துடிக்கிறது. தனக்காக அது ஒரு சிறு பங்கு ரத்தத்தை மட்டுமே எடுத்துக்கொண்டு, மீதி அனைத்தையும் மற்ற உறுப்புகளுக்கு வழங்குகிறது. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே ஒரு கணம் ஓய்வு கொள்கிறது. அந்த ஓய்வில்தான் தன் தசைக்குரிய ரத்தத்தின் பெரும்பகுதியைப் பெறுகிறது. உழைப்பு, பகிர்வு, ஓய்வு என்னும் மூன்றும் அதன் ஒவ்வொரு துடிப்பிலும் அளவோடு அமைந்துள்ளன. தன் நாளில் இந்த அளவைக் காக்க முயலும் மனிதரும், பிறருடைய நாளிலிருந்து இந்த அளவைப் பறிக்காத சமுதாயமும் ஒன்றுசேரும் இடத்தில் இதயங்கள் தத்தம் வயதுக்கு மேல் மூப்படைய வேண்டியதில்லை.